உலக நாடுகளை வச்சு இங்கிலீஷ் குரூப் கேம்ஸ்: கார்டு தயார் பண்றதுல இருந்து கடைசி ரவுண்டு வரைக்கும் முழுமையான வழிகாட்டி

நாடுகளை வச்சு கேம் நடத்தலாம்னு இறங்குற டீச்சர்ஸ்ல முக்கால்வாசி பேர் மாட்டிக்கிறது ஒரே இடத்துலதான். கொடியைத் தூக்கிக் காட்டி இது எந்த நாடுன்னு கேப்பாங்க, பசங்க "ஜப்பான்!"னு கத்துவாங்க, பாயிண்ட் போடுவாங்க, கிளாஸ் களைகட்டும். பெல் அடிச்சதும் யோசிச்சுப் பாத்தா ஒரு பையன் கூட முழுசா ஒரு இங்கிலீஷ் வாக்கியம் பேசியிருக்க மாட்டான். அது ஜிகே க்விஸ், இங்கிலீஷ் கிளாஸ் இல்ல.

அதனால இங்க இருக்குற எல்லா கேமுக்கும் ஒரே அடிப்படைதான்: பாயிண்ட் நாட்டுக்கு இல்ல, வாக்கியத்துக்கு. 9 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும், எழுத்துக்கூட்டி படிக்கத் தெரிஞ்ச பசங்க, 20-40 பேர் இருக்குற கிளாஸ், இதை மனசுல வச்சு எழுதியிருக்கேன்.

1. முதல்ல வாக்கியத்தை முடிவு பண்ணுங்க, நாடு அப்புறம்

கேம் யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இன்னிக்கு பசங்க வாயில இருந்து வரவேண்டிய வாக்கியத்தை எழுதுங்க. ஒரு கேமுக்கு ஒரு அமைப்பு, அவ்ளோதான். "ஐ ஆம் ஃப்ரம் ஜப்பான், ஐ ஆம் ஜாப்பனீஸ்" ஒரு நாள். "இஸ் இட் இன் யூரோப்?" வேற ஒரு நாள். "கனடா இஸ் பிகர் தேன் சைனா" அதுக்கப்புறம் ஒரு நாள்.

காரணம் சிம்பிள். ஒரே நாள்ல மூணு அமைப்பு வந்தா பசங்க அதுல சுலபமானது எதுவோ அதையே பிடிச்சுக்கிட்டு கேம் முழுக்க ஓட்டிருவாங்க, மத்த ரெண்டும் போர்டுலயே கிடக்கும்.

2. நாடுகளைத் தேர்ந்தெடுக்குறது: 24 போதும்

ஐநா சபையில 193 நாடு உறுப்பினரா இருக்கு. எல்லாத்தையும் தொடணும்னு ஆசைப்பட்டா எதுவும் நிக்காது. 24 வச்சுக்கோங்க, நாலு பேர் குரூப்புக்கும் ஆறு பேர் குரூப்புக்கும் சரியா பிரியும். ஆனா பிரபலமான நாடுன்னு எடுக்காம, அந்த நாட்டு மக்களை இங்கிலீஷ்ல எப்படி சொல்றோம்ங்கிற முடிவை வச்சு எடுங்க. நான் வச்சிருக்குற செட் இதுதான்:

ஈஸ்னு முடியுறது: ஜப்பான், சீனா, வியட்நாம், போர்ச்சுகல்.
இஷ்னு முடியுறது: ஸ்பெயின், துருக்கி, போலந்து, அயர்லாந்து.
இயன், அன்னு முடியுறது: இத்தாலி, பிரேசில், எகிப்து, கனடா, கென்யா, மெக்சிகோ, ரஷ்யா, ஆஸ்திரேலியா.
இ மட்டும் சேர்றது: ஓமன், ஈராக், நேபாளம், பாகிஸ்தான்.
எந்த வரிசையிலயும் உக்காராதது: பிரான்ஸ், நெதர்லாந்து, கிரீஸ், தாய்லாந்து.

கடைசி வரிசையை விட்டுறாதீங்க. ஃப்ரெஞ்ச், டச், கிரீக், தாய்னு வர்றதைப் பாத்தாதான் இதுக்கு ஒரே ரூல் கிடையாது, கேட்டு கேட்டு பழகணும்னு பசங்களுக்கே புரியும்.

முதல் செட்ல ஒலி ஒத்துப்போற ஜோடிகளை வைக்காதீங்க. ஆஸ்திரியா-ஆஸ்திரேலியா, நைஜர்-நைஜீரியா, ஸ்லோவாக்கியா-ஸ்லோவேனியா எல்லாம் பின்னாடி தனி கேமுக்கு சூப்பரா இருக்கும், ஆரம்பத்துல குழப்பம்தான் மிஞ்சும்.

3. முன்னாடியே தயார் பண்ண வேண்டியது

கார்டு: ஒரு நாட்டுக்கு ஒரு கார்டு. முன்பக்கம் நாட்டுப் பேரும் கொடியும், பின்பக்கம் நாலு வரி: கண்டம், தலைநகரம், மொழி, ஒரு பக்கத்து நாடு. ஜனாதிபதி பேரு, பணத்தோட மதிப்பு மாதிரி மாறிக்கிட்டே இருக்குற விஷயத்தை எழுதாதீங்க, அடுத்த வருஷம் கார்டு குப்பைக்குப் போயிடும். "இந்த நாட்டுக்காரங்க இப்படித்தான்"ங்கிற வரியும் வேண்டாம், அதை வச்சு ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்றதுதான் கேமா மாறிடும்.

மேப்: பெருசா ஒண்ணு சுவத்துல. எல்லைகள் ஒவ்வொரு நாட்டு மேப்லயும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்க மாட்டாங்க, அதனால நெட்ல கிடைச்சதை பிரிண்ட் போடாம உங்க பள்ளிக்கூடத்துல ஏத்துக்கிட்ட மேப்பையே மாட்டுங்க. பழைய சார்ட்டா இருந்தா ஒரு தடவை பாத்துருங்க: தெற்கு சூடான் 2011ல தனி நாடாச்சு, ஸ்வாஸிலாந்து 2018ல எஸ்வாட்டினி ஆச்சு, மாசிடோனியா 2019ல வடக்கு மாசிடோனியா ஆச்சு.

குரூப்: நாலு பேர். ஆறு பேர் போட்டா ரெண்டு பேர் கண்டிப்பா வேடிக்கைதான் பாப்பாங்க. பேசுறவர், எழுதுறவர், நேரம் பாக்குறவர், ரெஃபரின்னு வேலையைப் பிரிச்சுக் குடுத்து ஒவ்வொரு ரவுண்டுக்கும் மாத்துங்க. நல்லா பேசுற பிள்ளைகளை எல்லா குரூப்புக்கும் பரப்பி விடுங்க. ஃப்ரெண்ட்ஸ் ஃப்ரெண்ட்ஸா உக்கார விட்டா ஒரு குரூப் எல்லாத்தையும் ஜெயிக்கும், மத்தவங்க ரெண்டாவது ரவுண்டுலயே கைவிட்டுருவாங்க.

பாயிண்ட்: முழு வாக்கியம் சரியா வந்தா 2. முழு வாக்கியம், சின்ன தப்பு இருந்தா 1. வெறும் நாட்டுப் பேரை மட்டும் சொன்னா, அது சரியான பதிலாவே இருந்தாலும் 0. இன்னொண்ணு, "த கேபிட்டல் ஆஃப் ஆஸ்திரேலியா இஸ் சிட்னி"ன்னு ஒருத்தன் சொன்னா அதுக்கும் 2தான், வாக்கியம் சரி, தகவல்தான் தப்பு, அதை ரவுண்டு முடிஞ்சதும் திருத்திக்கலாம். முதல் நாள் பசங்க "அநியாயம் மிஸ்"னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும். அந்த சண்டையிலதான் பாயிண்ட் எதுக்குங்கிறது மண்டையில ஏறும்.

4. கேமுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வாய்ப் பயிற்சி

இதைத் தாவிட்டு நேரா கேமுக்குப் போற ஆளுங்க ரொம்ப அதிகம். கேம் நடுவுல ஒரு பையனுக்கு சொல் வாயில வரலேன்னா அவன் யோசிக்க மாட்டான், தமிழுக்குத் தாவிடுவான்.

முக்கியமா அழுத்தம் எங்க விழுதுன்னு கைத்தட்டி பழக்குங்க. ஜப்பான்ல அழுத்தம் "பான்"ல விழும், ஜாப்பனீஸ்னு வந்ததும் அது கடைசிக்கு ஓடி "னீஸ்"ல உக்காரும். கனடாவுல முதல் அசை, கனேடியன்ல ரெண்டாவது அசை. இத்தாலியும் அதே மாதிரிதான், நாட்டுப் பேருக்கு முதல்ல, இட்டாலியனுக்கு ரெண்டாவதுல. தமிழ்ல எல்லா அசையையும் ஏறக்குறைய சமமா சொல்லிப் பழகுன வாய்க்கு இது சட்டுன்னு வராது. அழுத்தமான அசைக்கு மட்டும் ஒரு தட்டு, அவ்ளோதான் பயிற்சி.

அப்புறம் பேருக்கு முன்னாடி வர்ற அந்த "த" (the). இந்த 24ல நெதர்லாந்துக்கு மட்டும்தான் "த" வரும்: "த நெதர்லாண்ட்ஸ்". பேரு பன்மையில இருந்தாலோ, ஸ்டேட்ஸ், கிங்டம், எமிரேட்ஸ் மாதிரி சொல் உள்ள இருந்தாலோ "த" போடணும். த பிலிப்பீன்ஸ், த மால்தீவ்ஸ், த யுனைடெட் ஸ்டேட்ஸ் எல்லாம் இந்த வகை. காம்பியா மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, அதை இப்ப இழுக்காதீங்க.

5. முதல் கேம்: ஜோடியைத் தேடு

12 நாடு எடுத்துக்கோங்க. நாட்டுப் பேர் ஒரு சீட்டு, நாட்டுக்காரர் பேர் இன்னொரு சீட்டு, மொத்தம் 24 சீட்டு. ஆளுக்கு ஒண்ணு. 24க்கு மேல பிள்ளைகள் இருந்தா சில ஜோடியை ரெண்டு தடவை போடுங்க. எல்லாரும் எழுந்து நடந்து, "ஐ ஆம் ஃப்ரம் போலண்ட். ஆர் யூ போலிஷ்?"னு கேக்கணும். எதிர்ல இருக்குறவர் "யெஸ், ஐ ஆம் போலிஷ்" இல்லேன்னா "நோ, ஐ ஆம் டச்"னு முழுசா சொல்லணும்.

ஒரே ஒரு கண்டிஷன், சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. காட்ட விட்டா ரெண்டே நிமிஷத்துல ஜோடி சேந்துரும், ஒரு வார்த்தை வாயைத் திறக்காம. சீட்டைப் படிச்சதும் திருப்பி உங்ககிட்ட குடுக்கச் சொல்லுங்க, ஏமாத்த வழியே இருக்காது.

இதை முதல்ல வைக்கிறதுக்குக் காரணம், இதுல வாக்கியம் ஏற்கனவே ரெடியா இருக்கு, சும்மா பேரை மட்டும் மாத்தினா போதும். பயந்த பிள்ளைங்க கூட ஒரே ஆள்கிட்டதான் பேசுறாங்க, கிளாஸே அவங்களைப் பாக்கல.

6. ரெண்டாவது கேம்: எந்த நாடுன்னு கண்டுபிடி

ஒரு குரூப் கார்டை எடுத்து மறைச்சு வச்சுக்கும், இன்னொரு குரூப் யெஸ், நோ கேள்வி மட்டும் கேட்டு கண்டுபிடிக்கணும். 20 கேள்வி குடுக்காதீங்க, 8 குடுங்க. ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்குற நாடுகளைப் பாதியா வெட்டினா 24க்கு அஞ்சு கேள்வியே போதும். 20 குடுத்தா "இஸ் இட் ஜப்பான்? இஸ் இட் சைனா?"ன்னு வரிசையா பேரைச் சொல்லிப் பாப்பாங்க, கேள்வி அமைக்க வேண்டிய அவசியமே வராது. பேரைச் சொல்லி கேக்குறது ஒரே தடவைதான்னு முன்னாடியே சொல்லிடுங்க.

போர்டுல மூணு வகை கேள்வியை எழுதி வைங்க: "இஸ் இட் இன் ஆசியா?", "டூ தே ஸ்பீக் ஸ்பானிஷ் தேர்?", "இஸ் தேர் எனி க்ரீன் ஆன் த ஃப்ளாக்?" மூணுலயும் ஆரம்பிக்கிற ரெண்டு சொல் வேற வேற. எது எங்க வரும்ங்கிறதுதான் பாடம்.

எந்த கேள்வி நல்ல கேள்வின்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். "டஸ் இட் ஹேவ் எ கோஸ்ட்?"னு பெருமையா கேப்பாங்க, ஆனா இந்த செட்ல கடற்கரை இல்லாதது நேபாளம் ஒண்ணுதான், பதில் கிட்டத்தட்ட எப்பவும் யெஸ்தான் வரும், ஒரு கேள்வி வேஸ்ட். பச்சை நிறக் கேள்வி நல்லா வேலை செய்யும், எட்டு ஒன்பது கொடியில பச்சை இருக்கு.

ஒரு இடத்துல சண்டை வரும், முன்னாடியே தயாரா இருங்க. ரஷ்யாவும் துருக்கியும் ஆசியாவுலயும் இருக்கு யூரோப்லயும் இருக்கு. எகிப்தோட சினாய் பகுதி ஆசியாவுல வருது. "பார்ட்லி"ங்கிற சொல்லை அப்ப சொல்லிக்குடுங்க, தேவைப்படுற நேரத்துல கிடைச்ச சொல் மறக்காது.

7. மூணாவது கேம்: பாதி தாள் உன்கிட்ட, பாதி என்கிட்ட

இருக்குறதுலயே அதிகமா பேச வைக்கிற கேம் இதுதான், தயாரிக்க அதிக நேரம் எடுக்குறதும் இதுதான்.

ஆறு நாட்டுக்கு ஒரு அட்டவணை போடுங்க: தலைநகரம், மொழி, பக்கத்து நாடு. ரெண்டு பிரதி எடுங்க. ஒண்ணுல சில கட்டத்தை அழிச்சிடுங்க, இன்னொண்ணுல மத்த கட்டங்களை அழிச்சிடுங்க. ஏ தாள்ல இல்லாதது பி தாள்ல இருக்கும். ரெண்டு பேரும் கேட்டு கேட்டு நிரப்பணும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பையோ நோட்டோ நிறுத்தி வைங்க. முதுகோட முதுகு உக்கார வைக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, 40 பேர் கிளாஸ்ல அது சரிப்படாது, காது கேக்காம எல்லாரும் கத்த ஆரம்பிச்சிடுவாங்க.

எந்த ஆறு நாடுங்கிறதுதான் இங்க சூட்சுமம். பாரிஸ், டோக்கியோ மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச தலைநகரம் வச்சா பையன் கேக்கவே மாட்டான், தானே எழுதிட்டு சும்மா உக்காந்திருப்பான். அதனால பசங்க தப்பா நினைச்சிருக்குற நாடுகளை எடுங்க. பிரேசில் எடுங்க, தலைநகரம் ரியோ இல்ல, பிரசிலியா, பேசுறது போர்ச்சுகீஸ். துருக்கிக்கு இஸ்தான்புல் இல்ல, அங்காரா. ஆஸ்திரேலியாவுக்கு சிட்னி இல்ல, கேன்பெரா. கனடாவுக்கு டொரண்டோ இல்ல, ஒட்டாவா. இதோட எகிப்தும் வியட்நாமும் சேத்துக்கோங்க. ஆஸ்திரேலியாவுக்கு தரை வழியா பக்கத்து நாடே கிடையாது, அந்தக் கட்டத்துக்கு "இட் ஹேஸ் நோ லேண்ட் பார்டர்ஸ்"னு பதில் வரணும்.

ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் கிளாஸ்ல நடந்து பாருங்க, பெரும்பாலும் இப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கும்:

"டர்க்கி கேபிட்டல்?"
"அங்காரா."
"லாங்குவேஜ்?"
"டர்கிஷ்."

வேலை ஆயிடுச்சு, வாக்கியம் வரவே இல்ல. அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ரெண்டு சொல்லுலயே பதில் கிடைக்கும்போது ஆறு சொல் எதுக்கு செலவு பண்ணணும்? ரூலை பதில் சொல்றவங்க கையில குடுங்க: முழு கேள்வி வராம பதில் தரக்கூடாது, "சாரி?"ன்னு மட்டும் திருப்பிச் சொல்லணும். "வாட் இஸ் த கேபிட்டல் ஆஃப் டர்க்கி?"ன்னு வந்தாதான் அங்காரா. எதிர்ல இருக்குற பையன் மூணு தடவை "சாரி?" சொன்னதும் கேக்குறவனுக்கு கடுப்பாகி, முழு வாக்கியம் தானா வந்துரும். டீச்சர் போலீஸ் வேலை பாக்க வேண்டியதே இல்ல.

இன்னொரு லாபம் ஸ்பெல்லிங். கேள்விப்படாத ஊர்ப் பேரை எழுத முடியாது, அதனால "ஹவ் டூ யூ ஸ்பெல் இட்?"னு கேட்டே ஆகணும். ஒட்டாவாவுல டபுள் டி, கேன்பெராவுல டபுள் ஆர். ஜி, ஜே ரெண்டையும் மாத்தி எழுதுறவங்க, ஏ சொன்னா இ எழுதுறவங்க எல்லாரும் இந்த இடத்துல வெளியே தெரிஞ்சுருவாங்க. குறிச்சு வச்சுக்கோங்க, அடுத்த வாய்ப் பயிற்சிக்கு அதுதான் பாடம்.

8. நாலாவது கேம்: வரிசையில நில்லு

ஆறு பேருக்கு ஆறு நாட்டுக் கார்டு. பரப்பளவுல பெருசுல இருந்து சின்னதா வரிசையில நிக்கணும். ஆனா இடம் மாறணும்னா பக்கத்துல இருக்குறவரைப் பாத்து "ஐ திங்க் சைனா இஸ் பிகர் தேன் பிரேசில்"னு சொல்லித்தான் மாறணும், பிடிச்சுத் தள்ளக்கூடாது. ரஷ்யா சுமார் 1 கோடியே 71 லட்சம் சதுர கிலோமீட்டர், கனடா கிட்டத்தட்ட 1 கோடி, சீனா 96 லட்சம், பிரேசில் 85 லட்சம், ஆஸ்திரேலியா 77 லட்சம், எகிப்து 10 லட்சம். நடுவுல இருக்குற நாலும் கிட்ட கிட்ட இருக்குறதால நல்லா விவாதம் வரும்.

அடுத்த ரவுண்டு ஜனத்தொகை. இப்ப வரிசை கலைஞ்சு மாறும், அதுதான் வேணும். கனடா கென்யாவை விட கிட்டத்தட்ட 17 மடங்கு பெருசு, ஆனா ஜனங்க கென்யாவுலதான் அதிகம். "கனடா இஸ் மச் பிகர் தேன் கென்யா, பட் கென்யா ஹேஸ் மோர் பீப்பிள்." பெரிய பிள்ளைகளுக்கு இந்த "பட்" வாக்கியத்துக்கு மட்டும் 3 பாயிண்ட் குடுங்க.

சுவத்துல இருக்குற மேப்பைப் பாத்து அளவு சொல்லுவாங்க, அதுல ஒரு பொறி இருக்கு. மெர்கேட்டர் முறையில வரைஞ்ச மேப்ல துருவத்துக்குப் பக்கத்துல இருக்குறது எல்லாம் ஊதித் தெரியும், க்ரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா அதைவிட சுமார் 14 மடங்கு பெருசு. இதைச் சொன்னதும் கிளாஸே வாயைப் பிளக்கும். "இட் லுக்ஸ் பிகர், பட் இட் இஸ் ஸ்மாலர்"ங்கிற வாக்கியத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

9. அஞ்சாவது கேம்: இமிக்ரேஷன் கவுண்டர்

இது கடைசியா வரணும், ஏன்னா வாக்கியத்தை அவங்களே உருவாக்கணும். ரெண்டு பெஞ்ச் கவுண்டர், மத்தவங்க கார்டோட லைன்ல. "வேர் ஆர் யூ ஃப்ரம்?", "ஒய் ஆர் யூ விசிட்டிங்?", "ஹவ் லாங் வில் யூ ஸ்டே?" மூணு கேள்வி போதும். கேள்வி கேக்குறதுதான் கஷ்டமான பக்கம், அதனால தயங்குற பிள்ளைகளை முதல்ல பயணியா விட்டு, ரெண்டாவது ரவுண்டுல ஆபீசர் சீட்டுக்கு மாத்துங்க. அஞ்சு தடவை அந்தக் கேள்விகளைக் காதுல கேட்டுட்டுத்தான் அவங்க முறை வரும்.

10. அடிக்கடி பாக்குற தப்புகள்

நடுவுல நிறுத்தி திருத்துறது. ஒரு பையன் "ஐ ஆம் ஃப்ரம் ஈஜிப்ஷியன்"னு சொன்னதும் கேமை நிறுத்தி இலக்கணம் எடுத்தா அவன் மட்டும் இல்ல, சுத்தி இருக்குற பத்து பேரும் வாயை மூடிக்குவாங்க. ஒரு நோட்ல எழுதிட்டு வாங்க, கடைசி பத்து நிமிஷத்துல பேர் சொல்லாம போர்டுல போட்டு எல்லாரையும் திருத்தச் சொல்லுங்க.

ரூலை நீளமா விளக்குறது. ரெண்டு பிள்ளைகளை முன்னாடி கூப்பிட்டு ஒரு தடவை ஆடிக் காட்டிடுங்க, பத்து நிமிஷப் பேச்சு மிச்சம்.

"ஐ ஆம் ஃப்ரம் ஆஃப்ரிக்கா." கென்யா கார்டு, எகிப்து கார்டு வாங்குனவங்க சொல்றது இது. அது கண்டம், நாட்டுப் பேர்தான் வேணும்னு ஆரம்பத்துலயே ரெஃபரிகிட்ட சொல்லி வைங்க.

ஒரே கிளாஸ்ல ரெண்டு கேம். 40 நிமிஷம்னா 5 வாய்ப் பயிற்சி, 20 கேம், 10 திருத்தம், 5 எழுத்து. இதுக்கு மேல இடம் இல்ல. நல்லா போகுதேன்னு கேமை நீட்டினா அடி வாங்குறது எழுத்துதான்.

தமிழ் பேசினா பாயிண்ட் கழிக்கிறது. இது நான் ஒத்துக்காத பழக்கம், கழிச்சா பேசவே மாட்டாங்க. தமிழ்ல கேட்டதை இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்ல ஒரு வாய்ப்பு குடுங்க, சொன்னா பாயிண்ட் சேருங்க.

11. கேம் முடிஞ்ச உடனே எழுத வைங்க

அன்னிக்கு வாயில ஓடுன அமைப்புலயே அஞ்சு வரி. நாட்டுப் பேர், மொழி, நாட்டுக்காரர் பேர் எல்லாத்துக்கும் பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும்ங்கிறது இங்கதான் தெரியவரும். பேசும்போது அது காதுல விழாது, அதனால ஃப்ரெஞ்சையும் ஜாப்பனீஸையும் சின்ன எழுத்துல போட்டு வைப்பாங்க.

24ம் பழகினதும் அடுத்த செட்டை நீங்க செய்யாதீங்க. குரூப்புக்கு ரெண்டு நாடு பிரிச்சுக் குடுத்து, பின்பக்கத்து நாலு வரியை அவங்களையே முழு வாக்கியமா எழுதச் சொல்லுங்க. இந்தத் தடவை ஆஸ்திரியாவையும் நைஜீரியாவையும் உள்ள விடலாம். லேமினேட் பண்றதுக்கு முன்னாடி தலைநகரத்தோட ஸ்பெல்லிங்கை மட்டும் நீங்க ஒரு தடவை பாத்துருங்க.